மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை போய்விடுகிறது, டர்போவையே மாற்ற வேண்டுமா?

செக்காலை ரோடு

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் வண்டி டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். சென்னையில் ஒருவர் ஆசையாக வைத்து ஓட்டிய வண்டி. அவர் வெளிநாடு போனதால் என் கைக்கு வந்தது. 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாமே, விசாரித்த வரையில் இந்தக் கோளாறு எல்லா டர்போ வண்டிக்கும் பொதுவாகத்தான் தெரிகிறது.

ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. வேலை விஷயமாக அறந்தாங்கி போகும்போதுதான் தொல்லை. புதுவயல் தாண்டியதும் முன்னால் நெல் லாரி போகும். ஏறிப் போகலாம் என்று மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் 2,500 ஆர்பிஎம் வரை ஜோராக இழுக்கும். அதற்கு மேல் சட்டென்று இழுவை அற்றுவிடும். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். பிறகு என்ன மிதித்தாலும் வண்டி சோர்ந்துதான் போகும். ஓரம் கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடுகிறது. எதிரே பஸ் வரும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது? அப்பச்சியை ஏற்றிக்கொண்டு திருச்சி கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டியும் இதுதான்.

ஸ்கேனரில் வந்த கோட் பி0299. மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். டர்போ போய்விட்டது, முழு அசெம்பிளியாக மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை, கோடைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

புகை இல்லை. ஆயில் சர்வீஸுக்குச் சர்வீஸ் கொஞ்சம் குறைகிறது. அழுத்தி மிதிக்கும்போது முன்பக்கம் வலது மூலையிலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறது, வாங்கிய புதிதில் இது இல்லை. டர்போவை மாற்றுவதற்கு முன் எதை எதைப் பார்க்க வேண்டும்? இந்தப் பக்கம் டர்போ வண்டி வைத்திருப்பவர்கள், வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன்

முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். என் நண்பர் வண்டியிலும் இதே மாதிரி மிதித்தால் விக்கியது, பிளக் போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம் இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் காரணமாக இருக்கலாம். அது வந்ததிலிருந்து யார் வண்டியிலும் பழைய இழுவை இல்லை.

தேவகோட்டை பட்டறை

தம்பி, டர்போவுக்கு இப்போது ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பி0299 என்பது டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லும் கோட் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. டர்போ காற்றைச் சரியாக அமுக்கி அனுப்பியிருக்கும், அது வழியில் எங்கேயோ ஒழுகிப் போயிருக்கும். பட்டறைக்கு ‘டர்போ போச்சு’ என்று வருகிற பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் பார்ப்பது இதைத்தான். ஒழுகலைத் தேடாமல் டர்போவைக் கழற்றுவது பெரிய அநியாயம். மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோட்டையூர்த் தம்பி சொன்ன பிளக் விஷயம் தள்ளிவிடக்கூடியது இல்லை. ஆனால் பொறி தரும் பிளக்கோ காயிலோ விட்டுப்போனால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் கலவை பற்றாமல் போவது) கோட் வரும். அது பி0300-இல் தொடங்கும். வண்டி குலுங்கும். இவருக்கு அது இல்லை. எத்தனாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் இறங்கும், பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டர்போ தள்ளும் காற்றை அது குறைக்காது.

ஊருக்குள் நன்றாக ஓடி, மிதித்தால் மட்டும் விடுகிறதே, அதற்குக் காரணம் சொல்கிறேன். மெதுவாகப் போகும்போது டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் அழுத்தம் பெரிதாக இருக்காது. ஓட்டை இருந்தாலும் தெரியாது. முழுசாக மிதிக்கும்போது வெளிக்காற்றுக்கு மேல் ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். அப்போதுதான் ஓட்டை வாயைத் திறக்கும், ‘உஸ்’ சத்தமும் அப்போதுதான் வரும். கேட்ட அழுத்தத்துக்கும் வந்த அழுத்தத்துக்கும் நடுவே வித்தியாசம் சில விநாடி நீடித்தால், கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடும். இதுதான் லிம்ப் மோட். அணைத்துப் போட்டால் மறுபடி புதிதாக முயற்சி செய்கிறது. ஆகவே அணைத்துப் போட்டால் சரியாகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

தேடும் வழி இதுதான். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் பாகம்) போகும் ஹோஸ், இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) வரும் ஹோஸ், இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் இன்டர்கூலர் பம்பருக்குள் காற்றுப்படும்படி இருக்கிறதா, இல்லை காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரில் குளிர்கிற வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் வகையில் ஹோஸ் குட்டை, ஒழுக இடம் குறைவு. காற்று வகையில் இன்டர்கூலர் கீழே தாழ்ந்திருக்கும், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் உரசி உரசியே அந்த இணைப்பு அசைந்துவிடும்.

நம் பக்கத்து வண்டிகளில் ஒரு நல்ல அடையாளம் உண்டு, நம் செம்மண். எஞ்சின் உள்ளிருந்து வரும் ஆயில் ஆவி கொஞ்சம் எப்போதும் டர்போ காற்றோடு சேர்ந்து அந்த ஹோஸ்களுக்குள் போகும். இணைப்பு ஒழுகினால் காற்றோடு ஆயிலும் வெளியே தெளிக்கும், அதில் ரோட்டுப் புழுதி ஒட்டும். நல்ல இணைப்புகள் சாம்பல் நிறத் தூசியோடு காய்ந்து கிடக்கும். ஒழுகும் இணைப்பைச் சுற்றி மட்டும் குங்குமம் குழைத்த மாதிரி சிவப்பாக ஈரம் கட்டியிருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். இதைக் கண்டுபிடிக்க மெஷினே தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட். டர்போவுக்குள் காற்று நுழையும் வாய்ப்பக்க ஹோஸைக் கழற்றி, மூடி போட்டு, ரெகுலேட்டர் வைத்து மெதுவாகக் காற்று விட வேண்டும். அரை பார் போதும். டயர் கடைக் கம்ப்ரெசரை நேராகச் செருகினால் சீல்கள் பிய்ந்துவிடும், கண்டிப்பாக வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை விடும் இடம் தெரியும். புகை மெஷின் வைத்திருக்கிற பட்டறை என்றால் வேலை இன்னும் சுலபம். இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் சூட்டிலும் ஆயிலிலும் இறுகிக் கட்டையாகிவிடும். வளையம் மாற்றப் பெரிய செலவு இல்லை. ஹோஸே வெடித்திருந்தால் ஹோஸை மாற்றுங்கள், டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா கிளிப்பையும் அங்கே போடாதீர்கள், அது இறுக இறுக ஹோஸை அறுக்கும்.

ஹோஸ் எல்லாம் சுத்தம் என்றால் அடுத்தது டைவர்ட்டர் வால்வு. ஆக்சிலேட்டரை விடும்போது மிச்ச அழுத்தத்தைத் திருப்பி விடுகிற வால்வு அது. உள்ளே ரப்பர் சவ்வு இருக்கும் வகையில் அந்தச் சவ்வு கிழியும். அப்புறம் வேஸ்ட்கேட். டர்போவுக்குள் புகை போகாமல் பக்கவழியாகத் திருப்புகிற சின்னக் கதவு. அந்தக் கதவின் கீல் ஊசி தேய்ந்தால் கதவு ஒழுங்காக மூடாது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகரம் தட்டுகிற ‘கடகட’ சத்தம் கேட்கும். அந்தக் கதவை அசைக்க எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டியில் அதைக் கழற்றி மாட்டினால் ஸ்கேனர் வைத்து அடாப்டேஷன் (அதன் நிலையைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது) செய்தே ஆக வேண்டும்.

ஏர் ஃபில்டரை மறக்காதீர்கள். புதுவயல் அரிசி ஆலைகள் வழியாக அடிக்கடி போகிறீர்கள். அந்தப் பக்கம் ஓடும் வண்டிகளின் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் உமித்தூள் கொட்டும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு அந்த ரோட்டுக்கு ஒத்துவராது. ஆயில் மாற்றும்போதெல்லாம் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடிகிறவை. பின்கட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வந்துதான் எடுப்பார்கள். அதற்குள் எலியும் அணிலும் வேலையைக் காட்டியிருக்கும். காற்றழுத்தத்தில் இயங்குகிற வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய ஹோஸைக் கடித்துவிட்டால் வருவது பி0299 இல்லை, பி0234. கதவுக்குச் செய்தி போகாது, கதவு திறக்காது, அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். ஓட்டுகிறவருக்கு இரண்டிலும் இழுவை போவதுதான் தெரியும். ஆனால் ஒன்றில் அழுத்தம் குறைவு, மற்றதில் அதிகம். கோடைச் சரியாகப் படிக்காமல் இரண்டுக்கும் ‘டர்போ’ என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, டர்போவே கெட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எஞ்சின் நன்றாக ஆறியபின் வாய்ப்பக்க ஹோஸைக் கழற்றி, நடுவில் உள்ள நட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக அசைந்தால் பயப்பட வேண்டாம். அந்தத் தண்டு பேரிங்கில் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவது, எஞ்சின் நின்றிருக்கும்போது அசையத்தான் செய்யும். சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் போகின்றன, அந்த இடைவெளி இல்லாமல் அது உயிரோடு இருக்காது. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் அசையக் கூடாது. இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருக்கக் கூடாது. ஹோஸுக்குள் ஆயில் ஈரம் இருந்தால் சரி, குட்டையாகத் தேங்கியிருந்தால் சரியில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை வந்தால் அதுவும் டர்போ சீலைக் காட்டும் அடையாளம்.

அப்படி உண்மையாகவே போயிருந்தாலும், ஏன் போனது என்று பார்க்காமல் புதுசைப் போடக் கூடாது. டர்போ தானாகச் சாவது குறைவு, ஆயில் கிடைக்காமல்தான் சாகிறது. விரட்டி ஓட்டிவிட்டு உடனே அணைத்தால், பேரிங்கில் நிற்கும் ஆயில் சூட்டில் வெந்து கரியாகும். அந்தக் கரி ஆயில் வரும் மெல்லிய குழாயை அடைக்கும். அடைத்த குழாயை அப்படியே வைத்துப் புது டர்போ மாட்டினால் அதுவும் போகும், அப்போது பழி டர்போ கம்பெனி மேல் விழும். குழாயையும் மாற்ற வேண்டும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், எஞ்சின் ஆவி போகும் பிசிவி வழி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்டர்கூலர் எந்த வகை, முந்தைய ஓனர் இழுவையைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ரீமேப் ஏதும் செய்திருக்கிறாரா, இந்த இரண்டையும் சொல்லுங்கள் தம்பி.

சிங்கப்பூர் தேவகோட்டைக்காரன்

அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூலன்ட் பக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நான் இங்கே ஓட்டுவது இரண்டு லிட்டர் டர்போ ஹேட்ச்பேக். கூலன்ட் மெதுவாகக் குறைந்தது, கீழே ஒரு சொட்டும் விழவில்லை. தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் பம்பும் சேர்ந்து இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் நூல் மாதிரி விரிசல், சொட்டுவதற்குள் சூட்டில் காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படிந்திருந்தது. டர்போ எஞ்சினில் சூடு அதிகம், பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஆயுசு குறைவு.

கூலன்ட் குறைவதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம் என்பதற்கு ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் நல்ல உதாரணம். 2016, 2017-இல் வந்த அந்த 2.3 லிட்டர் வண்டிகள் பலவற்றில் மஸ்டாங் எஞ்சினுக்கு உரிய ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைவு. பிறகு ஃபோர்டு தன் செலவிலேயே மாற்றிக் கொடுத்தது. அந்த இரண்டு அடையாளத்தையும் முதல் வாரமே கவனித்தவர்கள் ஹெட் வளையாமல் தப்பினார்கள்.

இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின். 2007 முதல் 2010 வரை வந்த மினி கூப்பர் எஸ் வண்டிகளிலும், 2008-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட ஃபோக்ஸ்வாகன் இரண்டு லிட்டர் டர்போக்களிலும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரிய பெயர் எடுத்த கோளாறு. விடிகாலை ஸ்டார்ட்டில் சில விநாடி சங்கிலி உரசும் சத்தம் வந்தால் அந்த வண்டியை விலை பேசுவதற்கு முன் செயினைப் பார்க்க வேண்டும். ஆயில் அளவு குறைந்த வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

பள்ளத்தூர் டீச்சர்

என் வண்டியும் டர்போதான், ஆனால் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். கல்லுக்கட்டிப் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் வண்டி நடுங்குகிறது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் நன்றாக ஓடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா அண்ணே?

தேவகோட்டை பட்டறை

டீச்சர், உங்கள் வண்டியில் ஆயிலில் மூழ்காத டிரை கிளட்ச் இருக்கும். பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசும், சூடாகும், நடுங்கும். முன்னால் ஒரு வண்டி அளவு இடம் விழும் வரை பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், பிறகு ஒரே நகர்வாகப் போங்கள். ஆற விட்டதும் சரியாகிறது என்றால் இப்போதைக்குச் சூடுதான். ஸ்கேனரில் கிளட்ச் தேய்மானத்தைப் பார்த்து அடாப்டேஷன் செய்யச் சொல்லுங்கள். ஆறிய வண்டியிலும் நடுங்கினால் கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும்.

கியர் விளக்கு மின்னி, வண்டி ஒற்றைக் கியர்களை மட்டும் எடுத்தால் அது கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் பக்கம், வேறு கதை. 2013-இல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, டிஎஸ்ஜி என்ற தன் 7 கியர் டூயல் கிளட்ச் பாக்ஸில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், அந்த ஆயிலால் மின்கோளாறு வந்ததுதான் காரணம். நம் ஊர் ஓட்டமும் அதே ரகம்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்காலை ரோடு

அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே ஃபோனில் வைத்துக்கொண்டு கழனிவாசலில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். இன்டர்கூலர் காற்று வகைதான். அடித்தட்டைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. வலது பக்கம் இன்டர்கூலருக்குள் நுழையும் ஹோஸ் இணைப்பின் அடிப்பாதியில் மட்டும் சிவப்பாகப் பசை கட்டியிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் மற்ற இணைப்பு வறண்டு கிடந்தது. காற்று விட்டு சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அங்கேதான் நுரை பொங்கியது. கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. கம்பிக் கிளிப்பின் ஒரு கால் பள்ளத்தில் உட்காரவே இல்லை.

வளையமும் கிளிப்பும் புதுசு. ஃபில்டரும் மாற்றினோம், நீங்கள் சொன்ன உமி நிஜமாகவே கொட்டியது. டர்போ தண்டையும் பிடித்துப் பார்த்தார்: இழுத்தால் அசைவில்லை, இறக்கையில் உரசல் இல்லை. பிறகு அறந்தாங்கி ரோட்டில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஓட்டினோம். கேட்கும் அழுத்தமும் வரும் அழுத்தமும் இப்போது ஒன்றாகவே ஏறுகின்றன. ‘உஸ்’ இல்லை, விளக்கு இல்லை. மனசு நிறைந்த நன்றி.

ரீமேப் விஷயம்: முந்தைய ஓனர் செய்திருக்கிறார், காகிதம் இருக்கிறது. பிளக் பழசு, இடைவெளி விரிந்திருந்தது, மாற்றிவிட்டோம். ரீமேப்பை அப்படியே விடலாமா? ஆயில் குறைவதற்கு என்ன செய்வது? கரி படியும் என்கிறார்களே, அதையும் இப்போதே பார்த்துவிட வேண்டுமா?

தேவகோட்டை பட்டறை

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள், கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்.

ரீமேப்பைக் கம்பெனி மேப்புக்கே திருப்பிவிடுங்கள் என்பது என் கருத்து. ரீமேப்பே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் யார் எழுதியது, எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்று தெரியாத மேப்பை, 40 டிகிரி வெயிலில், சாதா பெட்ரோலில், 68,000 ஓடிய எஞ்சினில் ஓட்டுவது சரியில்லை. அழுத்தம் ஏறினால் பிளக் பொறி அணையும், அதனால்தான் இந்த எஞ்சின்களில் இடைவெளியைப் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் என்று குறுக்கி வைத்திருக்கிறார்கள். கிளட்ச் மேலேயும் சுமை கூடும். சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்தால் கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நாக்கிங்கைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது, எல்எஸ்பிஐ என்பார்கள். சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் ஆர்பிஎம் குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருக்கும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஓரிரு தடவை பலமாக வந்தாலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். ஐந்தாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது லாரியை ஏற முழுசாக மிதிப்பதுதான் அதற்கு அழைப்பு. மூன்றுக்கு இறக்கி, 2,000-க்கு மேல் வைத்துப் பிறகு மிதியுங்கள். மைலேஜுக்காக மேல் கியரிலேயே அழுத்தி ஓட்டும் பழக்கம் டர்போ பெட்ரோலுக்கு ஆகாது. நீங்கள் மூன்றாவதில் ஏறுகிறீர்கள், அது நல்ல பழக்கம்.

ஆயிலும் இதில் சேர்கிறது. ஆயிலில் கால்சியம் சார்ந்த டிடர்ஜென்ட் அதிகமானால் அந்த முன்பற்றல் கூடுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கான சோதனையோடு 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரம் வந்தது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. ஆகவே டப்பாவில் உங்கள் கம்பெனி சொல்லும் கிரேடும் இருக்க வேண்டும், கூடவே எஸ்பி என்றும் இருக்க வேண்டும். முழு சிந்தெடிக். கம்பெனி 15,000 என்று போட்டிருந்தாலும் நம் வெயிலுக்கும் புழுதிக்கும் 7,500-இல் மாற்றுங்கள். ஆயில் குறைவுக்கு முதலில் பிசிவி வழியைச் சுத்தம் செய்து, அளவை எழுதி வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு கால் லிட்டருக்குள் என்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். அதற்கு மேல் போனால் சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்.

கரிக்கு இப்போது அவசரம் இல்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஒன்றும் இல்லை, ஆயில் ஆவி அதில் படிந்து கரியாகும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். காலை ஸ்டார்ட்டில் மிஸ்ஸிங் அடித்து, ஐடில் ஆட ஆரம்பித்தால் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோலை வால்வுக்கு முன்பே தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், வாசலில் நிறுத்தி ஐடிலில் காத்திருக்கும் வேலையே வராது. அப்புறம், செக்காலையிலிருந்து பெரியார் சிலை வரை மட்டும் ஓடும் நாட்கள் அதிகம் என்றால் எஞ்சின் சூடாகும் முன்பே அணைந்துவிடும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ 7,500 வரை காத்திருக்க வேண்டாம், 5,000-த்திலேயே மாற்றிவிடுங்கள்.